அம்மா இன்னும் படிக்கலை

ஜூன் 14

நாத்தனாருக்கு,

‘அன்புள்ள’ என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு பஸ் நிலையத்தில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். “நீங்க பக்கத்துல இருந்தா அவ படிக்கவே மாட்டா அண்ணி!” சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறேன் என்று மெல்ல நழுவியவர், பஸ் கிளம்பிய பிறகுதான் வந்தார். அவரைச் சொல்லியும் பயனில்லை.

நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை மூண்டுவிடும். அதனால் தினமும் சாயங்காலம் உன் வீட்டுக்காரரின் போனில் என் மகளோடு மட்டும் பேசுகிறேன். உனக்குக் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

அவளைப் பற்றிச் சில விஷயங்கள் தெரிந்துகொள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், வாயாடி என்றால்தான் வருவாள். பாலில் ஆடை மிதந்தால் தொட மாட்டாள். தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவரின் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். உன் காதைப் பிடிக்கிறாளா? வேண்டாம், எழுதாதே. எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். நான்கு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் அவளைச் சோம்பேறி என்றார்கள், கவனமில்லை என்றார்கள், கடைசி பெஞ்சில் போட்டார்கள். நான் விட்டேனா? தையல் மிஷினில் நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்துப் புத்தகத்தை வைத்து, சீருடை தைத்தபடியே அவளுடைய பாடத்தை உரக்கப் படிப்பேன். அவள் என் காலடியில் வெட்டுத் துணிக் குவியலில் உட்கார்ந்து உம் கொட்டுவாள். மறுநாள் முழுப் பாடத்தையும் ஒரு சொல் மாறாமல் ஒப்பிப்பாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால்தான் “எழுத்தெல்லாம் நகருதும்மா” என்று கண்ணைக் கசக்குவாள். கண் டாக்டரிடம் ஓடினேன். கண்ணாடி வாங்கிப் போட்டேன். அதுவும் அவள் மூக்கில் சும்மா உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் விருந்தாளியாக நீ வந்தாய். வந்த அன்றைக்கே, “இது கண் இல்ல அண்ணி, சோம்பேறித்தனமும் இல்ல, டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்றாய். பண்ணினோம். டிஸ்லெக்சியா என்றார்கள். புத்தியில் குறையே இல்லை, எழுத்தையும் சத்தத்தையும் சேர்ப்பதற்கு மட்டும் வேறு மாதிரி சொல்லித்தர வேண்டும் என்றார்கள். அப்படிச் சொல்லித்தர இங்கே ஓர் ஆள் கிடையாது. உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அதற்கென்றே ஒரு வாசிப்பு மையம் இருக்கிறது. சரி. எல்லாம் சரி. பெற்று ஒன்பது வருடம் மடியில் வைத்திருந்த எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது? நூல் கோக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் வருகிறது.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். மார்ச் வரைக்கும்தான் அவள் உன் வீட்டில் இருப்பாள். தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

அவளுடைய அம்மா


ஜூன் 25

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம்.

குழந்தை வாசிப்பு மையத்தில் சேர்க்கப்பட்டுவிட்டாள். மையம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் உள்ளது. இரண்டு அறைகள், ஒன்பது குழந்தைகள், ஒரு மிஸ். அவர் எப்போதும் தரையில்தான் அமர்கிறார். தட்டில் மணல் பரப்பி, எழுத்தை விரலால் எழுதியவாறே அதன் ஒலியை உரக்கச் சொல்லச் செய்கிறார். அட்டையில் ஜன்னல் போல ஒரு வெட்டு உள்ளது. அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும், மற்ற வரிகள் தொந்தரவு செய்யாது. முதல் நாள் அழுதாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வர மறுத்தாள்.

தினமும் மாலை ஒரு சிறு கதை அட்டை தரப்படுகிறது. மறுநாள் காலை அதை அவளே வாசிக்க வேண்டும். வீட்டில் எவரும் அதை அவளுக்குப் படித்துக் காட்டலாகாது என்பது மிஸ் அவர்களின் கண்டிப்பான விதி. தடுமாறினாலும் அவளே தடுமாற வேண்டுமாம். நாங்கள் அவ்வாறே நடந்துவருகிறோம். தாங்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதலாயிற்று.

பேன் தொல்லை அதிகமானதால் குழந்தையின் முடி தோள் வரை வெட்டப்பட்டது.

காதைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். ஆயினும் மறைப்பது முறையன்று. பிடிக்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் நாத்தனார்


ஜூலை 3

நாத்தனாருக்கு,

முடி வெட்டப்பட்டதாம்! யார் வெட்டினார்கள்? கத்தரிக்கோல் தானாகப் பறந்து வந்ததா? பிறந்த நாளிலிருந்து என் கையால் எண்ணெய் வைத்துப் பின்னிய முடி. பேன் வந்தால் சீப்பு இல்லையா உங்கள் ஊரில்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளோ போனில், “அம்மா, தலை லேசா இருக்கும்மா, அத்தை சூப்பரா வெட்டிவிட்டாங்க” என்கிறாள். நான் “அப்படியா கண்ணு” என்றேன். வேறென்ன சொல்ல?

அது என்ன கடிதம், மின்வாரியத்திலிருந்து வந்த மாதிரி? எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உன் வீட்டுக்காரர் கைதான். மருந்துக்கடையில் சீட்டு எழுதி எழுதிப் பழகிய கை. எனக்கு நாலு வரி எழுத உனக்கு நேரமில்லை, நீ சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். வாயாடி வேறு சொல்கிறாள், பேக்கரியில் நீ கேக்கின் மேல் கிரீமில் பூ மட்டும்தான் போடுவாயாம், பெயர் எழுதுவது இன்னொரு பெண்ணாம். அடேயப்பா! மகாராணிக்கு எல்லாவற்றுக்கும் எழுத ஆள்.

போனை எடுத்தால் அத்தை புராணம்தான். அத்தை மேல் வெண்ணெய் வாசம் வருகிறதாம். அத்தை ரோஜா போட்டால் நிஜ ரோஜா தோற்றுவிடுமாம். மையத்து வாசலில் அவள் வகுப்பு முடிகிற வரைக்கும் அத்தை செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாளாம். உனக்கு வேலை வெட்டி இல்லையா? இரண்டு தடியன்களைப் பெற்று ஹாஸ்டலில் விட்டாயிற்று, பெண் குழந்தைக்கு ஆசை வந்துவிட்டதா? ஆசைப்பட என் பெண்தான் கிடைத்தாளா?

நேற்று ஒரு குட்டைப் பாவாடைக்கு அளவு எடுக்க ஒரு சிறுமி வந்தாள். அளவு எடுத்து முடித்தும் டேப்பைச் சுருட்டாமல் நின்றேன். அவளுடைய அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்து, பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விதி கிதி எல்லாம் படித்தேன். உங்கள் வீட்டு விதி உங்களோடு இருக்கட்டும்.

அவளுடைய அம்மா


ஆகஸ்ட் 1

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தில் கண்ட கோபம் நியாயமானதே. முடி வெட்டும் முன் கேட்டிருக்க வேண்டும். பேக்கரியில் என் கையில் எந்நேரமும் கிரீம் இருப்பதால் கடிதம் எழுத இயலவில்லை. வேறு காரணம் ஏதுமில்லை.

மகிழ்ச்சியான செய்தி உண்டு. மூன்று வாரங்களாகக் குழந்தை கதை அட்டைகளைத் தடையின்றி வாசிக்கிறாள். ஒரு பிழையும் இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கிறாள். இவ்வளவு வேகமாக முன்னேறிய குழந்தையைத் தாம் கண்டதில்லை என்று மிஸ் வியக்கிறார். மற்ற பெற்றோர் என்னிடம் வந்து, “வீட்டில் என்ன செய்கிறீர்கள்?” எனக் கேட்கின்றனர். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். எனினும் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விரைவில் அடுத்த நிலைக்கு மாற்றுவார்கள். அன்று தாங்களும் வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 9

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைக்கு வந்த இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். “தடையின்றி”, “ஏற்ற இறக்கத்தோடு” என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த ஏற்ற இறக்கம் யாருடையது என்று எனக்குத் தெரியும். கேள்விக்குறி வரும் இடத்தில் குரலைத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு மெதுவாக விடுவாள், இல்லையா? அது என் வீட்டுச் சொத்து. உங்கள் மணல் தட்டில் விளைந்ததில்லை. இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இனி மார்ச் வரைக்கும் அங்கே என்ன வேலை? மிஸ்ஸே வியந்துவிட்டார் என்கிறாய். அப்புறம் என்ன? முப்பதாம் தேதி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். உன் அண்ணன், “எதுக்கு அவசரம்?” என்றார். லாரி ஓட்டுகிறவருக்கு எப்போதும் அவசரமில்லை. பெற்றவளுக்கு இருக்கிறது.

முடி இதற்குள் கொஞ்சம் வளர்ந்திருக்கும். மறுபடி கத்தரி வைக்காதே.

அவளுடைய அம்மா


ஆகஸ்ட் 19

அண்ணி,

நேற்று மிஸ் என்னை உள்ளே அழைத்தார். குழந்தை வாசிப்பதை அருகில் இருந்து பார்க்கச் சொன்னார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கடகடவென்று சொன்னாள். நான் பூரித்துப்போனேன். மிஸ் மட்டும் அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் அட்டையில் இல்லை. ஜன்னலில் இருந்தது.

மிஸ் எழுந்து கத்தரிக்கோல் எடுத்து, அதே அட்டையை வரிவரியாக வெட்டினார். துண்டுகளைக் கலைத்து, நடுவில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இத மட்டும் படி கண்ணு” என்றார். குழந்தை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசி, வாங்காமல் போயும் விட்டார்கள். மிஸ் திட்டவில்லை. “சரி, நாளைக்கான புது அட்டையப் பாப்போமா?” என்று நீட்டினார். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இது வேண்டாம் மிஸ்.”

“ஏன்டா?”

“அம்மா இன்னும் படிக்கலை.”

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் அட்டையைப் படமெடுத்துத் தங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். கேக் படம் அனுப்புகிறாள் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். தாங்கள் அதைப் போனில் படித்திருக்கிறீர்கள். ஒரு தடவை கேட்டால் அவளுக்குப் போதும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. விதியையும் எழுதியிருந்தேன்.

மறுபடி முதல் அட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்த குழந்தைகள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். வீடு வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வாயாடி பேசாமல் நடந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

பஸ் நிலையத்தில் சொன்னதற்காக வருந்திக்கொண்டிருந்தேன். இப்போது வருந்தவில்லை.

நாத்தனார்


ஆகஸ்ட் 24

நாத்தனாருக்கு,

ஆமாம். படித்தேன். தினமும் படித்தேன். போதுமா?

“அம்மா, மிஸ் குடுத்த அட்டையில எழுத்து ஓடுதும்மா, ஒரே ஒரு தடவ படியேன்” என்று பிள்ளை கெஞ்சினால் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? விதி எழுதியிருக்கிறது, போய்ப் படு என்பாயா? அவள் காதைப் பிடித்துத் தூங்க நீ இருக்கிறாய். தலை வார நீ இருக்கிறாய். வாசலில் காத்திருக்க நீ இருக்கிறாய். எனக்கு அங்கே என்ன மிச்சம்? குரல் ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அனுப்பினேன். அவள் உம் கொட்டுவதைக் கேட்டுக்கொண்டே மிஷினை மிதித்தேன். அந்த அரை மணி நேரம் அவள் என் காலடியில் இருந்தாள்.

அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று நீ எழுதியபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. பெருமையெல்லாம் அத்தைக்கு, வேலையெல்லாம் அம்மாவுக்கு என்று மனதுக்குள் ஆடினேன். உன் மூஞ்சியில் கரி பூசியது மாதிரி இருந்தது எனக்கு. பிள்ளையின் மூஞ்சியில் பூசுகிறேன் என்று தெரியவில்லை.

நீ ஜெயித்தாய். நான் பக்கத்தில் இருந்தால் அவள் படிக்க மாட்டாள் என்றாய், பக்கத்தில் இல்லாமலேயே கெடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அவளைப் பேச்சில்லாமல் நிற்க வைத்த இடத்தில் இனி அவள் இருக்க வேண்டாம். முப்பதாம் தேதி வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. எழுத்து வராவிட்டால் போகட்டும், நான் ஆயுசுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 27

அண்ணி,

இவரோட ‘தாங்கள்’, ‘கிடைக்கப் பெற்றோம்’ எல்லாம் இன்னைக்கு வேண்டாம்னுட்டேன். நான் பேசுறத பேசுறபடியே எழுதணும், ஒரு வார்த்தை மாத்தினா சாப்பாடு கிடையாதுன்னு சொல்லிட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்.

எனக்குப் படிக்க வராது அண்ணி.

‘இதையுமா எழுதணும்’னு கேக்கறார். எழுதுங்கன்னேன்.

கையில கிரீம்னு சொன்னது பொய். எனக்கு எழுத வராது. கேக்குல பேரு போடாததும் அதனாலதான். பஸ் போர்டை கலரை வெச்சுக் கண்டுபிடிப்பேன். ஓட்டல்ல பக்கத்து டேபிளைக் காட்டி அதே குடுங்கம்பேன். உங்க கடிதம் வந்தா இவர்தான் படிக்கிறார். நீங்க என்னைத் திட்டினதெல்லாம் இந்த மனுஷன் வாயாலதான் கேட்டேன், பாவம், அவருக்கே கூச்சமாப் போச்சு.

உங்களுக்கு ஒரு கேள்வி இருந்துச்சே, எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு. உங்க வீட்டுல அன்னைக்கு அவ புத்தகத்தைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தா. கண்ணு புத்தகத்துல, காது உங்க பக்கம். அது நான், அண்ணி. அப்படியே நான்.

அண்ணன் எனக்கு ரெண்டு கிளாஸ் மேல. ஸ்கூலுக்குப் போற வழியில ஒரு சின்னப் பாலம் இருக்கும். அதோட கட்டையில உட்கார வெச்சு என் பாடத்தைத் தினம் படிச்சுக் காட்டுவார். நான் உம் கொட்டுவேன். கேட்டதை ஒப்பிச்சே பாஸ் ஆனேன். நான் எட்டாங்கிளாஸ் வந்தப்போ அண்ணன் வேலைக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் பாலத்துல யாரும் இல்ல. டீச்சர் எழுப்பிப் படிக்கச் சொன்னாங்க, நான் நின்னேன். மறுநாளும் நின்னேன். அதுக்கு மறுநாள் போகல. அண்ணன் மேல குத்தம் இல்ல, உசுரா இருந்தார், அதான் படிச்சார். நீங்களும் உசுரா இருக்கீங்க, அதான் படிச்சீங்க. உங்க ரெண்டு பேருக்கும் பாசம் வந்தா வாய்தான் திறக்குது. நாங்க உம் கொட்டிக்கிட்டே உட்கார்ந்துட்டோம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். என்மேல பொறாமை, பொறாமைன்னு எழுதறீங்களே, நான் யார்மேல பொறாமைப்படறேன் தெரியுமா? உங்க மக மேல. ஒன்பது வயசு சுண்டைக்கா! அவளுக்காக ஒரு அம்மா கண் டாக்டர்கிட்ட ஓடறா, டெஸ்ட்டுக்கு ஓடறா, பிள்ளைய ஊரு விட்டு ஊரு அனுப்பிட்டு அழறா. எனக்கு யாரும் ஓடல, நான் மக்குன்னு சொல்லி முடிச்சுட்டாங்க. மையத்து வாசல்ல செருப்பு நடுவுல உட்கார்ந்து உள்ள பாத்துக்கிட்டிருப்பேன். அவங்க மணல்ல எழுத எழுத என் விரலும் மடியில ஓடும். வயிறு எரியும். ஒருநாள் அவ தப்பாப் போட்டப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு அண்ணி. சீ, நீயெல்லாம் ஒரு அத்தையான்னு எனக்கே ஆயிடுச்சு.

முப்பதாம் தேதி வாங்க. பெட்டி கட்டி வைக்கிறேன், குறுக்கே நிக்க மாட்டேன். ஆயுசுக்கும் படிச்சுக் காட்டறேன்னு எழுதியிருக்கீங்க. அண்ணனும் அதான் சொன்னார். அவளும் பூ மட்டும் போட்டாப் போதும்னு தோணினா கூட்டிட்டுப் போங்க.

நாத்தனார்


செப்டம்பர் 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்தத் தடவை கிழிக்கவில்லை.

முப்பதாம் தேதி பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். பஸ் வந்தது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். “வரீங்களாம்மா?” என்று கண்டக்டர் கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் உன் அண்ணனைப் பிடித்தேன். லாரியை விட்டு இறங்கியதும் உன் கடிதத்தை நீட்டினேன். படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. “ஏன் என்கிட்ட சொல்லலை?” என்றேன். “சொல்லக் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கிட்டா” என்றார். பதினாறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன். அவர் சட்டையில் எந்தப் பொத்தான் எப்போது அறும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உனக்காக இவ்வளவு பெரிய விஷயத்தை வாயைக் கட்டி வைத்திருந்தாரே! எனக்காக ஒரு நாள் வாயைக் கட்டியிருப்பாரா? அந்தப் பாலத்துக் கட்டை மேல் கூட எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது. என்ன செய்ய, என் பிறவிக் குணம்.

பிறகு அவர் தண்ணீர் குடித்துவிட்டு, “நான் படிச்சுக் காட்டினதாலதான் இப்படி ஆச்சாமா?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நானும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

வாயாடியிடம் சொல்லிவிட்டேன்: “படம் அனுப்பாத. இனிமே நீ படி, அம்மா உம் கொட்டறேன்.” அவள் கத்திய கத்தல் உன் பேக்கரிக்கே கேட்டிருக்கும். “நீ என் அம்மாவே இல்ல, அத்தைதான் அம்மா!” என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. உன்னிடம் மட்டும் பேசியிருப்பாள். மிஷின் ஊசி என் விரலில் ஏறியது, ஏறட்டும் என்று விட்டேன்.

அப்புறம் தானாகவே கூப்பிட்டாள். “நாலு வரிதான் படிப்பேன்” என்றாள். உனக்குத் தெரியாதா, அந்த நாலு வரி எவ்வளவு தூரம் என்று! ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி வந்தாள். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. தைத்துக்கொண்டிருந்த திரைத்துணியின் ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டேன். முடித்துவிட்டு, “ஏம்மா உம்மே கொட்டலை? தூங்கிட்டியா?” என்றாள். வாயில் துணி, அழுகை வேறு. எப்படி உம் கொட்டுவேன்?

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவினால் நன்றாக மனதில் நிற்கும், ஆனால் அப்படி எழுத்துகள் எங்கும் விற்பதில்லை என்றார். துணி என்றால் என்னிடம் சொல்ல வேண்டுமா? முரட்டுச் சாக்குத் துணியில் எழுத்து எழுத்தாக வெட்டி, வழுவழுப்பான துணியில் வைத்துத் தைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். நான் தடவிப் பார்த்தேன்.

இரண்டு செட் இருக்கிறது. ஒன்று அவளுக்கு. இன்னொன்று உனக்கு.

மிஸ்ஸிடம் உன்னைப் பற்றியும் கேட்டேன். கோபப்படாதே. “பெரியவங்களைச் சேத்துக்குவீங்களா?” என்றேன். “அவங்க வாசல்ல உட்கார்ந்திருக்கறதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், அவங்களா கேக்கட்டும்னு இருந்தேன்” என்றார். சனிக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் நாலு பேர் வருகிறார்களாம், ஒருவர் பேரன் எடுத்தவராம். நீ போகிறாய். இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே, எனக்கு உன் மேல் அவ்வளவு இரக்கம் கிடையாது. செருப்புக்கு நடுவில் உட்கார்ந்து எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? உள்ளே போய் உட்கார்ந்து பொறாமைப்படு.

இதை உனக்குப் படித்துக் காட்டுகிற உன் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: சனிக்கிழமை அவள் சாக்கு சொன்னால் விடாதீர்கள்.

அண்ணி


ஜனவரி 21

அண்ணி,

நானே எழுதறேன். மூணு நாள் ஆச்சு.

உங்க எழுத்து தேஞ்சு போச்சு. அவ்வளவு தடவினேன்.

வாயாடி என்னை விட வேகம். என்னைத் திருத்தறா. வயிறு எரியுது.

நேத்து கேக்குல பேரு போட்டேன். முதலாளி பாத்தார். ஒண்ணும் சொல்லல. வித்துட்டார்.

அண்ணன் கிட்ட இதைக் காட்டுங்க.


பிப்ரவரி 4

நாத்தனாரே,

பெரிசாக எழுதியிருக்கிறேன்.

வரிக்கு வரி இடம் விட்டிருக்கிறேன்.

இதை உன் வீட்டுக்காரரிடம் கொடுக்காதே.

வாயாடியிடமும் கொடுக்காதே.

நீயே படி.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

லாரியில் வைத்திருக்கிறார்.

நானும் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஒன்றைக்கூட லாரியில் வைத்ததில்லை.

எனக்குப் பொறாமை.

மிஸ் பேசினார்.

வாயாடிக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டுமாம்.

நான் அன்று முழுக்க அழுதேன்.

பிறகு சரி என்றேன்.

மார்ச்சில் வருவேன்.

பார்க்கத்தான் வருவேன்.

அதுவரை உன் காதை அவளுக்குக் கொடு.

ஞாயிறு அன்று எனக்குப் போன் செய்.

சண்டைக்கு இல்லை.

இந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டு.

எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

நான் குறுக்கே பேச மாட்டேன்.

உம் கொட்டுகிறேன்.

அண்ணி